ஆரோக்கியச் செம்மலின் கழுத்து

தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளிலேயே மிக ஆரோக்கியமான கழுத்தை அன்று காலை சுகிர்தா பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதை வெறும் குளியல் என்று யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. மருத்துவரின் வாய்மொழி உத்தரவுப்படி மீஞ்சூரில் ஒரு வாடகை வீட்டுக் குளியலறையில் தினமும் நடந்துவந்த சிகிச்சை அது.

கழுத்து அவள் கணவர் பூவராகவனுடையது. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஒரு கம்பெனியில் அவர் கிரேன் ஆபரேட்டர். ‘ஆரோக்கியச் செம்மல்’ என்ற பட்டமும், அதற்கான பதக்கமும், ஒரு பொன்னாடையும் சமீபத்தில்தான் அந்தக் கழுத்துக்கு வந்து சேர்ந்திருந்தன.

"மெதுவாமே. கழுத்தா, அடிப்பிடிச்ச தோசைக்கல்லா?"

"டாக்டரே சொல்லிக்கிறாரு, நல்லா தேய்க்கணும்னு. கம்முனு குனிங்க."

"நாரு குத்துது. வர்றப்போ மார்க்கெட்டுல புதுசா ஒண்ணு வாங்கியாரேன்."

"வாங்கியாந்துட்டாலும்! கொத்தமல்லி வாங்கியாரச் சொன்னா பால்கோவா வாங்கியாந்தவருதானே நீங்க."

பிடரியில், கறுப்பு வெல்வெட் துணியை ஒட்டவைத்ததுபோல் ஒரு பட்டை. மடிப்பு மடிப்பாக, தொட்டால் சொரசொரப்பாக. அதன் ஓரத்தில் குட்டிக் குட்டிப் பாலுண்ணிகள். இரண்டைச் சுகிர்தா தலைமுடியால் சுருக்குப் போட்டு உதிர்த்திருந்தாள். அந்த இடத்தில் மூன்று வந்தன. அவள் தேய்த்ததில் சுற்றியிருந்த தோல் சிவந்தது. கறுப்பு அசையவில்லை. நார் மட்டும் வெள்ளையாகவே இருந்தது. சோப்பு நல்ல சோப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

பூவராகவன் யூனிஃபார்மை மாட்டினார். வயிற்றுக்கு நேரே இருந்த பட்டன் போடும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார். தோள்பையை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி ரயில் வண்டியைப் பிடிக்க ஓடினார். ஓட்டமா நடையா என்று சொல்ல முடியாத ஓட்டம்.

அவர் போய்ச் சேர்வதற்குள், அந்தக் கழுத்து இவ்வளவு புகழ் அடைந்த வரலாற்றைச் சொல்லிவிட வேண்டும்.

கம்பெனியின் பெயரைச் சொன்னால் அக்கம்பக்கத்துக் கம்பெனிகள் கூச்சப்படும், விட்டுவிடுவோம். அங்கே ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை உண்டு. வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று சுற்றறிக்கை ஒட்டுவார்கள். ஆனால் கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது.

"வெறும் வயிறுதான் சார். ரெண்டே ரெண்டு போண்டா."

"போண்டா சாப்புட்டா அது வெறும் வயிறா?"

"டீயே குடிக்கல சார்!"

இப்படிப்பட்ட வெறும் வயிறுகளைச் சோதித்ததில், ஒரு வருடம் ஆலையில் மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை என்று வந்துவிட்டது. தலைமை அலுவலகம் அதிர்ந்தது. "இது இரும்பு ஆலையா, கரும்பு ஆலையா?" என்று போனில் கேட்டது. மனிதவள மேலாளர் அன்புசெல்வன் ஒரு வாரம் யோசித்தார். யோசனையின் முடிவில் மருத்துவ உலகம் அதுவரை காணாத ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் புரட்டாசி.

புரட்டாசிச் சனிக்கிழமையில் நம் ஆட்கள் பெருமாளுக்கு விரதம் இருப்பார்கள். நெற்றியில் நாமம், வயிற்றில் பச்சைத் தண்ணீர். படையல் முடியும்வரை போண்டா என்ன, போண்டாவின் வாசனைகூட ஆகாது. மாதம் முழுவதும் கறி மீன் இல்லை, பாட்டிலும் இல்லை. மனிதவளத்துறை சொல்லிக் கேட்காத வயிறு பெருமாள் சொன்னால் கேட்கும். ஆகவே இனி பரிசோதனை முகாம் புரட்டாசிச் சனிக்கிழமையில்தான் என்று முடிவாயிற்று.

இதை அறிவித்த கூட்டத்தில், ஸ்டோர்ஸில் வேலை பார்த்த ஜலாலுதீன் எழுந்து கேட்டார். பழவேற்காட்டுக்காரர், பூவராகவனுக்கு வண்டிக் கூட்டாளி. "சார், அப்போ எங்க ஆளுங்க?"

"உங்களுக்கு நோன்பு மாசத்துல தனி கேம்ப் பாய். அக்கவுண்ட்ஸ் ஏஞ்சலுக்குத் தவக்காலம். யாரையும் உடமாட்டோம். மதநல்லிணக்கம்!"

சாப்பிட்ட பிறகும் ஒரு தடவை ரத்தம் எடுப்பது வழக்கமாயிற்றே என்று யாரோ நினைவூட்டினார்கள். கம்பெனி மருத்துவர் வசந்தகுமார் அதை ஆராய்ந்து நிராகரித்தார். "படையலுக்கு அப்புறம் எல்லாரும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டிருப்பாங்க. அப்போ எடுத்தா தப்பா காட்டும்." சாப்பிட்டவன் உடம்பு, சாப்பிட்டதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பேராபத்து இவ்வாறு தவிர்க்கப்பட்டது.

முதல் புரட்டாசியிலேயே சர்க்கரை பாதியாகக் குறைந்தது. அடுத்த புரட்டாசிக்குள் அது ஆலையை விட்டே ஓடிவிட்டது. எஞ்சியிருந்த சிலரை ஒப்பந்தத் தொழிலாளர் கணக்குக்கு மாற்றியதில் முழு வெற்றி கிட்டியது. வெற்றியைக் கொண்டாட ‘இனிப்பை வென்ற ஆலை’ என்றொரு விருது நிறுவப்பட்டது. நிறுவியது கம்பெனி. கடும் போட்டிக்குப் பிறகு வென்றதும் கம்பெனி.

தனிநபர் விருது பூவராகவனுக்கு. வெறும் வயிற்றுச் சர்க்கரை எண்பத்தி நான்கு. ஆலையிலேயே குறைந்த அளவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிரேன் கூண்டில் அவர் கண்ணைச் சொருகுவதோ, யூனிஃபார்மில் அவர் இடுப்புக்கு மேல் சைஸே இல்லை என்று ஜலாலுதீன் கையை விரித்ததோ, பரிசீலனைக்கு வரவில்லை. விருது ரத்தத்துக்கு, இடுப்புக்கு அல்ல.

விழா கேன்டீன் கூடத்தில் நடந்தது. சுகிர்தா பட்டுப்புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வசந்தகுமார் முந்தைய வாரம்தான் சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில், மருத்துவர்கள் மாநாட்டில், ‘இன்சுலின் எதிர்ப்பை அறிதலும் ஆளுதலும்’ என்ற பொருளில் உரையாற்றிக் கைதட்டல் வாங்கியிருந்தார். படங்கள் தயாராக இருந்ததால் அதே உரையைத் தொழிலாளர்களுக்கும் வழங்க மனமுவந்தார். வழங்கினார் என்பது மட்டுமல்ல, புரியும்படியும் வழங்கினார். அது அவருடைய குற்றங்களில் பெரியது.

"ரத்தத்துல சர்க்கரை வருது. அதை உள்ள விடறதுக்கு உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு கதவு. கதவைத் தட்டற ஆளுதான் இன்சுலின். சில பேருக்குத் தட்டினா கதவு திறக்காது. கணையம் என்ன பண்ணும்? இன்னும் பத்து ஆளை அனுப்பும். பத்து பேர் சேர்ந்து இடிச்சா திறந்துதானே ஆகணும்? அதனால வெறும் வயித்து டெஸ்ட் எடுத்தா நார்மல்னு வரும். வருஷக்கணக்கா நார்மல்னு வரும். கணையம் ஓவர்டைம் பாக்கறது வெளியே தெரியாது. அதுக்குள்ள ரத்தக்குழாய் கெட்டுப்போயிடும். நேரா ஹார்ட்டு."

அன்புசெல்வன் நெகிழ்ந்துபோய் மைக்கை வாங்கினார். "கேட்டீங்களா? ஓவர்டைம் பாத்து, ரிசல்ட்டை நார்மலா காட்டுது. வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்குதா? அந்தக் கணையத்துக்கு ஒரு கைதட்டு!"

கூடம் அதிரக் கைதட்டியது. கணையங்களும் கைதட்டியிருக்கும், ஓவர்டைமில் இருந்ததால் முடியவில்லை.

அடுத்த படம் திரையில் வந்தது. முகம் இல்லை, பிடரி மட்டும். வெல்வெட் ஒட்டியதுபோல் கறுப்பு, மடிப்பு மடிப்பாக. ஓரத்தில் குட்டிக் குட்டிப் பாலுண்ணிகள்.

"இதுதான் அறிகுறி," என்றார் டாக்டர். "பார்த்தாலே தெரியும்; டெஸ்டே வேண்டாம். தொப்பையும் இருந்துச்சுன்னா கேக்கவே வேண்டாம். இவங்களுக்கு உடனே ஹார்ட்டு, கொழுப்பு எல்லாம் பாக்கணும். சாப்பாட்டை மாத்தணும், நடக்க வைக்கணும். இந்தக் கட்டத்துல பிடிச்சா ஆளைக் காப்பாத்திடலாம்."

சுகிர்தாவுக்கு அந்தப் பிடரி நன்றாகத் தெரிந்திருந்தது. அன்று காலையில்கூடத் தேய்த்திருந்தாள்.

விளக்குகள் போடப்பட்டன. ஆரோக்கியச் செம்மல் மேடைக்கு அழைக்கப்பட்டார். பதக்கம் வாங்கத் தலை குனிந்தார். டாக்டர் வசந்தகுமார் இரண்டு கைகளாலும் நாடாவை அந்தக் கழுத்தில் போட்டு, திருகியிருந்ததை நேர்ப்படுத்தி, காலரைச் சரிசெய்து, புகைப்படத்துக்காகச் சிரித்தார். விரல்கள் பிடரியில் இருந்தன. கண்கள் கேமராவில் இருந்தன.

எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்துக்கொண்டிருந்தபோது சுகிர்தா டாக்டரிடம் போனாள்.

"சார், அந்தப் படத்துல ஒரு கழுத்து காமிச்சீங்களே..."

"எந்தப் படம்மா? ஓ, அந்த ஸ்லைடா? அது பிரேசில் பேஷன்ட்டும்மா."

"இவருக்கும் அதே மாதிரி இருக்குது சார். அந்த உண்ணிங்ககூட. நீங்களே இப்ப கைய வெச்சிக்கினு இருந்தீங்களே?"

டாக்டர் ஜாங்கிரியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் ஃபாஸ்டிங் என்ன தெரியுமா? எண்பத்தி நாலு! என்னுதே நூத்திப்பத்தும்மா. நான்தான் அவர்கிட்ட ட்யூஷன் போகணும்." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "இரும்புத் தூசி. வேர்வையோட சேர்ந்து படிஞ்சிருக்கும். நல்லா தேய்ச்சிக் குளிக்கச் சொல்லுங்க."

"வா, வந்து குந்து," என்று பூவராகவன் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "மானத்த வாங்காத. அவரு படிச்சது இன்னா, நீ படிச்சது இன்னா?"

அந்த வாரமே கேட்டில் ஃபிளக்ஸ் பேனர் ஏறியது. பதக்கம் வாங்கக் குனிந்த செம்மல், சிரிக்கும் டாக்டர். பேனர் போட்டது கும்மிடிப்பூண்டி பஜாரில் கடை வைத்திருந்த தாஹா. கடமை உணர்ச்சி உள்ள பையன். எந்தப் படம் வந்தாலும் ஆளைச் சிவப்பாக்கி, பருவை நீக்கி, கழுத்தைத் துடைத்து அனுப்புவான். செம்மலின் கழுத்து பால்போல் ஜொலித்தது.

"பாத்தியாமே," என்றார் பூவராகவன். "நாரே இல்லாம தேய்ச்சிக்கிறான்."

இதுதான் வரலாறு. இனி அந்த நாளுக்கு வருவோம்.

அன்று மதியம் பூவராகவன் கேன்டீனில் சாப்பிட்டார். சர்க்கரையை வென்ற கேன்டீன் அது. டீயில் சர்க்கரை கிடையாது, சோற்றுக்கு அளவு கிடையாது. பிறகு கிரேனில் ஏறினார். சூடான இரும்புக் கட்டிகளைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் பாதி தூரம் வந்தவர், அவற்றை மெல்லக் கீழே இறக்கி வைத்தார். கொக்கியை விடுவித்தார். நெம்புகோல்களை அதனதன் இடத்தில் நிறுத்தினார். அதன்பிறகு தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டார். வழக்கமான மதியத் தூக்கம் என்று நினைத்துக் கீழே இருந்தவர்கள் விசில் அடித்தார்கள்.

ஏறிப்போய்ப் பார்த்தது ஜலாலுதீன். கீழே இறங்கி வந்து போன் செய்ததும் அவர்தான். "அண்ணி," என்றார். சுகிர்தா அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அன்புசெல்வனும் டாக்டரும் மீஞ்சூர் வீட்டுக்கு வந்தார்கள். அன்புசெல்வன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"போற நேரத்துலகூட லோடை இறக்கி வெச்சிட்டுப் போனாரும்மா. அதான் டெடிகேஷன். ஒரு பைசா புரொடக்ஷன் லாஸ் கிடையாது. சேஃப்டி மீட்டிங்ல அவரைத்தான் உதாரணமா சொல்றோம்."

சுகிர்தா இருவர் முன்னாலும் தண்ணீர் டம்ளர்களை வைத்தாள்.

"இன்னொரு ஆறுதல் இன்னான்னா, சர்க்கரையில சாகல. அப்டி ஏதாவது ஆகியிருந்தா அவரு பேரு கெட்டிருக்கும். நம்ம ரெக்கார்டும் போயிருக்கும்."

"சடன் அட்டாக்," என்றார் டாக்டர். "இதையெல்லாம் யாராலயும் முன்கூட்டிச் சொல்ல முடியாதும்மா."

"நீங்க சொன்னீங்களே சார்."

"நானா?"

"மேடையில. கதவு தொறக்காது, டெஸ்ட்டுல தெரியாது, நேரா ஹார்ட்டுன்னு. கழுத்தப் பாத்தாலே தெரியும்னு."

டாக்டர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். "அது... பொதுவா சொன்னதும்மா."

"இவரு பொதுவுல இல்லியா சார்?"

அன்புசெல்வன் அவசரமாக, கையெழுத்து வாங்க வேண்டிய தாள்களை எடுத்தார்.

கேட்டில் பேனர் மாறியிருந்தது. உண்மையில் மேல் வரி மட்டும்தான் மாறியிருந்தது. ‘பாராட்டுகிறோம்’ என்ற இடத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. அதே படம். அதே பால்போன்ற கழுத்து. டாக்டர் அஞ்சலியிலும் சிரித்துக்கொண்டிருந்தார்.

சுகிர்தா கம்பெனிக்குப் போய் அன்புசெல்வனைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவரு கழுத்து எப்டி இருந்துச்சோ அப்டியே போடுங்க சார். பாக்குறவங்க அவங்க கழுத்தையும் பாத்துக்குவாங்க."

"போனவரை அசிங்கமா காட்டச் சொல்றீங்களேம்மா! கம்பெனிக்கு அந்த மரியாத தெரியாதா?"

அவள் பஜாருக்குப் போனாள். தாஹா எழுந்து நின்றான்.

"அசல் படம் வெச்சிருக்கியா தாஹா?"

"இருக்குதுக்கா. ஆனா அதுல கழுத்து... நான் எவ்ளோ நேரம் குந்திக்கினு கிளீன் பண்ணேன் தெரியுமா?"

"நீ ஒரு மணி நேரம் கிளீன் பண்ண. நான் வருசக்கணக்கா பண்ணிக்கினு இருந்தேன். கிளீன் பண்ணாம போடு."

"கீழ இன்னா எழுதறதுக்கா? ‘பிரிவால் வாடும்’ போட்டுடவா?"

அவள் சொன்னாள். தாஹா தட்டச்சு செய்துவிட்டு ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தான்.

மறுநாள் காலை கேட்டுக்கு எதிரே, போண்டா கடைக்குப் பக்கத்தில், இன்னொரு பேனர் இருந்தது. குனிந்த பூவராகவன். பிடரியில் கறுப்பு. அதன்மேல் டாக்டரின் விரல்கள். கீழே: ‘பார்த்தாலே தெரியும், டெஸ்டே வேண்டாம்.’ அதற்குக் கீழே, சொன்னவர் பெயரும் பட்டங்களும். ஒரு வார்த்தைகூட அவளுடையது இல்லை.

முதல் ஷிப்ட் ஆட்கள் டீ கிளாஸோடு நின்று பார்த்தார்கள்.

"யோவ், திரும்பு. ஒனக்கும் இருக்குதுய்யா."

"அது கிரீஸு."

"கிரீஸு லீவுல ஊருக்குப் போனாலும் கூடவே வருமா?"

"ஒன் கழுத்த மொதல்ல பாரு நைனா, அப்புறம் என்னுதுக்கு வா."

அன்று ஆலைக்குள் பாதிப் பேர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனார்கள். பத்து மணிக்கே அவசரக் கூட்டம் கூடியது. பேனரைக் கிழிக்கலாம் என்றார் ஒருவர். கிழித்தால் டாக்டரின் வாக்கைக் கம்பெனியே கிழித்ததாகும் என்றார் இன்னொருவர். பாதுகாப்பு அதிகாரி கவலையோடு எழுந்தார். "தலைக்கு ஹெல்மெட் இருக்கு. காலுக்கு ஷூ இருக்கு. கழுத்துக்குத்தான் சார் நம்மகிட்ட பாலிசியே இல்ல."

அந்த வெற்றிடம் உடனே நிரப்பப்பட்டது. ‘கழுத்துத் தூய்மை வாரம்’ அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு பீர்க்கங்காய் நார், ஒரு சோப்பு. நாரில் கம்பெனி முத்திரை. டாக்டரின் கருத்து கேட்கப்பட்டது. "மருத்துவ ரீதியா," என்றார் அவர், "தேய்க்கறதுல கெடுதல் இல்லை." வாரத்தின் நடுவில் எதிர்க்கடை பேனரை காற்றில் போய்விட்டது என்று பெயர் சொல்லி யாரோ எடுத்துப் போனார்கள்.

நோன்பு மாதத்தில் ஒரு மாலை ஜலாலுதீன் மீஞ்சூரில் இறங்கி வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம். வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க."

"நோன்பு தொறக்க ஊட்டுக்குப் போணும் அண்ணி. இத்தக் குடுத்துட்டுப் போலாம்னு. எல்லாருக்கும் குடுத்தாங்க. அண்ணன் பேரு லிஸ்ட்டுல இருந்து இன்னும் எடுக்கல. அவரு பங்கு."

சுகிர்தா பிரித்தாள். புது நார். கடைசி நாள் காலையில் பூவராகவன் வாங்கி வருவதாகச் சொன்னது, வந்துவிட்டது.

"உங்களுக்கும் கேம்ப் வெச்சாங்களா?"

"முந்தாநேத்து. எம்பத்திரண்டு அண்ணி." ஜலாலுதீன் லேசாகச் சிரித்தார். "அண்ணன் ரெக்கார்டையே உடச்சிட்டேன்னு அன்பு சார் சொன்னாரு. இந்த வருசம் செம்மல் நான்தானாம்." சிரிப்பு பாதியில் நின்றது.

"திரும்புங்க."

"இன்னா அண்ணி?"

"திரும்புங்க சொல்றேன். காலரை எறக்குங்க."

அவர் திரும்பினார். தேய்த்துத் தேய்த்துத் தோல் புண்ணாகச் சிவந்திருந்தது. சிவப்புக்கு நடுவில், வெல்வெட் ஒட்டியதுபோல் கறுப்பு அப்படியே இருந்தது.

"நாளைக்குப் பொன்னேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. சக்கரைக்குன்னு சொல்லாதீங்க, நார்மல்னு அனுப்பிடுவாங்க. கழுத்தக் காட்டுங்க. ஹார்ட்ட பாக்கச் சொல்லுங்க."

"நாளைக்கு ஓவர்டைம் போட்டுக்கிறாங்களே அண்ணி."

"உங்க அண்ணனுக்கும் போட்டிருந்தாங்க."

ஜலாலுதீன் காலரை ஏற்றிவிடாமலே படியிறங்கினார்.

சுகிர்தா புது நாரைக் குளியலறைக்குக் கொண்டுபோனாள். கம்பியில் பழைய நார் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரும்புத் தூசி என்றார் டாக்டர். கிரீஸ் என்றார்கள் ஆட்கள். தூய்மை வாரம் கொண்டாடியது கம்பெனி. அத்தனை வருடம் அந்தக் கழுத்தைத் தேய்த்த நாரில், அன்றைக்கு இருந்ததுபோலவே, ஒரு பொட்டு அழுக்கு இல்லை.